குழி விழுந்த சாலைக்கு எந்த ஸ்பேர்?

கார் வாங்கும்போது டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. அடியில் மூன்றில் ஒன்று இருக்கும்: முழு அளவு ஸ்பேர் (மாற்றுச் சக்கரம்), மெலிந்த தற்காலிக ஸ்பேர், அல்லது பஞ்சர் பசை டப்பாவும் சின்ன கம்ப்ரஸரும். தென்னாப்பிரிக்காவில் டர்பன், மாரிட்ஸ்பர்க் பக்கம் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது முழு அளவு ஸ்பேர்தான். டிக்கியில் இடம் அடைக்கும், கூடுதல் காசும் ஆகலாம், பரவாயில்லை.

பசை டப்பாவின் வசதி தெரிந்ததே: எடை இல்லை, ஜாக்கி வேண்டாம். டயர் தரையில் படும் பகுதியில் ஆணி குத்தி, ஓட்டை சுமார் 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதுமானது. ஆணியைப் பிடுங்காமல் பசையை ஏற்றி, காற்றடித்து, உடனே சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அழுத்தம் பார்க்க வேண்டும். அழுத்தம் 1.3 பாருக்கு (bar) கீழே இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டக் கூடாது. டப்பாவுக்குக் காலாவதித் தேதியும் உண்டு.

ஆனால் இங்கே டயரைக் கெடுப்பது ஆணி மட்டுமா? கோடை மழையில் குழி முழுக்கத் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. சக்கரம் உள்ளே இறங்கி எதிர் விளிம்பில் மோதும்போது, டயரின் பக்கச்சுவர் ரிம்முக்கும் தாருக்கும் நடுவில் நசுங்குகிறது. உள்ளிருக்கும் நூலடுக்கு அறுந்து, ஒன்று நீளமாகக் கிழியும், அல்லது முட்டை போலப் புடைக்கும். பக்கச்சுவர் ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்வதால் அங்கே பசை நிற்காது. ரிம் வளைந்திருந்தால் காற்று ஓரத்தால் கசியும். அதையும் பசை அடைக்காது. சுவர் உயரம் குறைந்த 45, 40 வரிசை டயர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அந்த நேரத்தில் டப்பாவால் ஒரு பயனுமில்லை, இழுவை வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

மெலிந்த ஸ்பேர் இதற்கு உதவும், ஆனால் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர். என்3 நெடுஞ்சாலையில் கார்களுக்கு 120, கனரக லாரிகளுக்கு 80. ஆக லாரிகளின் நடுவில்தான் போக வேண்டும். எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பாருங்கள். முன்சக்கர இயக்கக் காரில் முன் டயர் போனால், பின்னாலுள்ள நல்ல டயரை முன்னுக்கு மாற்றி, மெலிந்ததைப் பின்னால் போடச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அதாவது இரண்டு முறை ஜாக்கி.

முழு அளவு ஸ்பேரில் ஒரே வேலை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, எதிர் மூலைச் சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை 45 மீட்டர் பின்னால் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். காற்றடைத்த சக்கரம் நுழைய வேண்டுமென்பதால் இன்னும் சில சென்டிமீட்டர் உயரம் தேவைப்படும். மண் தரையென்றால் ஜாக்கிக்கு அடியில் பலகை. மாட்டியதும் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கி, இறக்கிய பிறகு இறுக்குங்கள், 50 கிலோமீட்டர் போனபின் மறுபடி.

கடலோர உப்புக் காற்றில் அலாய் ரிம், சக்கரத்தைத் தாங்கும் ஹப்போடு துருவால் ஒட்டிக்கொள்ளும். அப்போது நட்டுகளைக் கழற்றிவிடாமல் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, வண்டியை இறக்கி, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் விடும். தூக்கிய வண்டிக்கு அடியில் கையோ காலோ போகவே கூடாது. சாலையில் கல்லைப் போட்டு யாரோ நிறுத்தப் பார்ப்பது போலத் தெரிந்தால், எந்த ஸ்பேர் இருந்தாலும் இறங்காதீர்கள். ரிம் போனாலும் போகட்டும், வெளிச்சமுள்ள பெட்ரோல் நிலையம் வரை மெதுவாக உருட்டுங்கள்.

முழு அளவு ஸ்பேருக்கும் பராமரிப்பு உண்டு. மாதத்துக்கு 0.1 பார் அளவு தானாகக் குறையும். ஒரு வருடம் பார்க்காவிட்டால் அதுவும் பாதி காலி. பெட்ரோல் போடும் பையன் நான்கு டயரைத்தான் பார்ப்பான், ஐந்தாவதைக் கேட்டு வாங்க வேண்டும். வழக்கத்தைவிட 0.3 பார் கூட்டி அடைத்து வையுங்கள். மெலிந்த ஸ்பேருக்கோ பொதுவாக 4.2 பார். பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஸ்பேர் அடியில் தொங்குவதால் திருடர்களுக்கு வசதி, அதற்கொரு பூட்டு வாங்குங்கள். சக்கரத்தில் திருட்டுக்கு எதிரான பூட்டு நட்டு இருந்தால், அதன் சாவி வீட்டில் அல்ல, ஜாக்கியோடு வண்டியில் இருக்கட்டும்.