கடைசி எழுத்தைப் பாருங்கள்: சஞ்சார் சாத்தியும் குறுஞ்செய்தித் தலைப்பும் – பயனர் மதிப்புரை

சென்ற மாதம் ஒரு மாலை, அம்மா தம் கைபேசியை என்னிடம் நீட்டி, "இதுல எதுப்பா நம்ம பேங்க் அனுப்பினது?" என்று கேட்டார். திரையில் இரண்டு குறுஞ்செய்திகள் அடுத்தடுத்து இருந்தன. பான் எண்ணை இணைக்காததால் கணக்கு இன்றிரவே முடக்கப்படும் என்று எச்சரித்த ஒன்று, கீழே ஓர் இணைப்பையும் தந்திருந்தது. மற்றொன்று, புதிய கைபேசியில் வங்கிச் செயலி பதிவு செய்யப்பட்டிருப்பதாகவும், அதைச் செய்தது தாங்கள் இல்லையெனில் உடனே தெரிவிக்குமாறும் கூறியது. வங்கியின் பெயர் இரண்டிலும் பிழையின்றி இருந்தது. ஆனால் முதலாவது பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வந்திருந்தது. இரண்டாவதன் அனுப்புநர் பெயர் எழுத்துகளால் அமைந்து, கடைசியில் சிறு கோட்டுக்குப் பின் 'எஸ்' என்று முடிந்திருந்தது. அன்று காலைதான் அம்மாவின் புதிய கைபேசியில் அந்தச் செயலியை நான் நிறுவியிருந்தேன்.

நிறுவனங்கள் மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டுமெனில், தம் பெயரையும், அனுப்புநர் பெயராகத் திரையில் தெரியும் தலைப்பையும், செய்தியின் வாசகத்தையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி எனும் மின்னணுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். விளம்பரத்துக்கு 'பி', சேவைக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுக்கு 'ஜி' என்று தலைப்பின் இறுதியில் வகையைக் குறிக்கும் முறை 2025இல் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் செய்தி 'பி'யில் முடிந்தால், அதுவே ஐயப்படப் போதுமான காரணம். ஒரு தலைப்பு யாருடையது என்று அறிய, அதைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் தேடல் பக்கத்தில் தட்டச்சு செய்தால், பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் கிடைக்கிறது. இவ்வளவு எளிய வசதி பலருக்கும் தெரியாமலிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

பத்து இலக்க எண்ணிலிருந்து வந்த அந்தப் போலிச் செய்தியை, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலுள்ள சக்ஷு பகுதியில் புகாராகப் பதிந்தேன். 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட இப்பகுதியில், செய்தி வந்த வழி, மோசடியின் வகை, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), அனுப்பிய எண், நாள், நேரம் ஆகியவற்றைத் தந்து ஓடிபி மூலம் உறுதி செய்தால் போதும். சஞ்சார் சாத்தி செயலியாகவும் கிடைக்கிறது, எனினும் கூடுதல் அனுமதிகள் எதையும் வழங்க விரும்பாதவர்கள் என்னைப்போல் இணையதளத்தையே பயன்படுத்தலாம். பணம் பறிபோகும்வரை காத்திராமல், முயற்சி நடந்த உடனேயே புகார் செய்ய இடமிருப்பதே இதன் பெரிய பலம்.

ஆனால் தலைப்பு உண்மையானது என்பதாலேயே ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மோசடிக்காரர் நம் அட்டை எண்ணை எங்கோ உள்ளிட்டு, வங்கி ஊழியர்போல் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் ஓடிபி, வங்கியே முறையான தலைப்பில் அனுப்பியதாகத்தான் இருக்கும். அங்கே பொய் செய்தியில் இல்லை, அழைப்பவரின் குரலில் இருக்கிறது. அந்தச் செய்தியில் எண்ணுக்கு அருகிலேயே தொகையும் பணம் பெறுபவரின் பெயரும் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். "கணக்கைச் சரிபார்க்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது செய்தியில் 24,999 ரூபாய் என்றிருந்தால், அந்த வரியை வாய்விட்டு வாசிப்பதே பேச்சைத் துண்டிக்கப் போதுமானது. வாட்ஸ்அப்பில் வருபவற்றுக்கோ இந்தத் தலைப்பு முறையே கிடையாது. வங்கியின் சின்னத்தை முகப்புப் படமாக வைத்து, கைபேசியில் போலிச் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பை அனுப்புபவர்கள் அதனால்தான் அங்கே போகிறார்கள்.

வங்கிகளின் பங்கையும் சொல்லியாக வேண்டும். நான் கணக்கு வைத்துள்ள வங்கி ஒன்று, இணைப்புகளைத் தொடாதீர்கள் என்று அறிவுறுத்திக்கொண்டே, தன் கடன் சலுகைச் செய்திகளில் சுருக்கிய இணைப்புகளை அனுப்பி வருகிறது. முகவரி முழுதாகத் தெரிந்தால்தானே வாடிக்கையாளர் சரிபார்க்க முடியும்? 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தம் தளங்களை 'பேங்க் டாட் இன்' என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. சுருக்கிய இணைப்பில் அந்த முடிவு கண்ணுக்கே தெரிவதில்லை.

பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் சக்ஷு அதற்குரிய இடமன்று. தளமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. அப்போது முதலில் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் செய்துவிட்டு, உடனடியாக இணைய நிதி மோசடிகளுக்கான உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். தெரிவித்த பிறகு நிகழும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியிருப்பதால், புகார் எண்ணையும் நேரத்தையும் அப்போதே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.