ரெசின் மாற்றி மாற்றிக் கற்றது: நான்கு வருஷ அனுபவம்

நீளக் கம்பு பிரஷ்ஷும் சுத்தத் தண்ணீரும் வைத்து ஜன்னல் கழுவ ஆரம்பித்து நான்கு வருஷம் ஆகிறது. இந்த முறையில் துணி போட்டுத் துடைப்பதே கிடையாது, அலசிவிட்டு அப்படியே காய விட்டுவிட வேண்டியதுதான். அதனால் தண்ணீரில் கொஞ்சம் உப்பு தங்கியிருந்தாலும் காய்ந்ததும் வெள்ளைப் பொட்டு பொட்டாகக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் இருப்பது தூசி ஃபில்டர், கார்பன் ஃபில்டர், ஆர்ஓ மெம்பரேன், எல்லாவற்றுக்கும் கடைசியில், மிச்சம் இருக்கும் உப்பையும் எடுத்துவிடுகிற 11 லிட்டர் டிஐ சிலிண்டர். அந்த சிலிண்டருக்குள் போடுகிற, உப்பைப் பிடித்துக்கொள்ளும் மணிகளான ரெசினைப் பற்றித்தான் இது.

முதல் தடவை நானே மாற்றியபோது செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரின் நடுவில் அடிவரை ஒரு குழாய் போகும். தண்ணீர் மேலிருந்து ரெசின் வழியாக இறங்கி, அடியில் இருக்கும் சல்லடை வழியாக அந்தக் குழாய்க்குள் ஏறித்தான் வெளியே வரும். குழாயின் வாயை மூடாமல் புனல் வைத்துக் கொட்டிவிட்டேன். கசகசா மாதிரி பொடிப் பொடி மணிகள், பாதி குழாய்க்குள்ளேயே போய்விட்டன. தண்ணீரைத் திறந்ததும் அத்தனையும் ஹோஸ் வழியாக ஓடிப்போய் பிரஷ்ஷில் இருக்கும் இரண்டு ஜெட்டையும் அடைத்துக்கொண்டன, ஊசி வைத்துக் குத்திக் குத்தி எடுப்பதிலேயே ஒரு நாள் வேலை போச்சு. இப்போது முதல் வேலையாக குழாய் வாயில் டேப் ஒட்டிவிடுவேன், நிரப்பி முடித்து மறக்காமல் பிரித்துவிடுவேன். (அதையும் ஒரு தடவை மறந்தேன். தண்ணீரே வரவில்லை, பம்ப்தான் போய்விட்டது என்று அதைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.) தரையில் சிந்திய மணிகளை உடனே கூட்டி அள்ளிவிடுங்கள், வழுவழு தரையில் அதன்மேல் கால் வைத்தால் சறுக்கிக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது தப்பு கண்ணுக்குத் தெரியாத தப்பு. புனலில் ரெசின் அடைத்துக்கொள்கிறதே என்று பக்கெட்டில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றினேன். நாம் வாங்குவது இரண்டு வகை மணிகள் கலந்த ரெசின், ஒன்று கால்சியம், சோடியம் மாதிரியானவற்றைப் பிடிக்கும், இன்னொன்று குளோரைடு, சல்பேட் மாதிரியானவற்றை. இரண்டும் ஒரே எடை கிடையாது. தண்ணீர் அதிகமானால் கனமானது அடியிலும் லேசானது மேலேயும் தனித்தனியாகப் பிரிந்து படிந்துவிடும், கலந்து இருந்தால்தான் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) 000 காட்டும். அந்த முறை புது ரெசின் போட்டும் மீட்டர் 6, 8 என்று ஆடிக்கொண்டே இருந்தது, விற்றவரைத்தான் மனசுக்குள் திட்டினேன், பாவம். இப்போது ஈரமாக இருப்பதை அப்படியே மக்கில் அள்ளிப் போட்டு, சிலிண்டரை வெளியே தட்டித் தட்டி இறக்குகிறேன். நேரம் ஆகும், ஆகட்டும். நிரம்பியதும் மூடியின் ஓ-ரிங்கைத் துடைத்து, அதில் ஒரு மணிகூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்து, கொஞ்சம் சிலிகான் கிரீஸ் தடவி மூடினால் ஒழுகாது. புது ரெசினில் முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் வெளியே விட்டுவிடுவேன்.

ரெசின் எத்தனை நாள் வரும் என்று கேட்டால், உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ்தான் பதில். அது இரண்டு மடங்கானால் ஆயுள் கிட்டத்தட்ட பாதி. எனக்குக் குழாய்த் தண்ணீர் 300 சொச்சம், ஆர்ஓ தாண்டியதும் 15 பக்கம் வந்துவிடும். அப்படியும் இரண்டு வருஷம் ரெசின் சீக்கிரமே தீர்ந்துகொண்டிருந்தது, காரணமே பிடிபடவில்லை. ஒரு நாள் காலையில் மெஷினைப் போட்ட உடனே ஆர்ஓ தண்ணீரை அளந்து பார்த்தால் 90! ராத்திரி முழுக்க சும்மா நிற்கும்போது மெம்பரேனின் உப்புப் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர்ப் பக்கத்துக்கு உப்பு மெல்லக் கசிந்துவிடுகிறது, தினமும் காலையில் அதைத்தான் நான் ரெசினுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆர்ஓவுக்கும் டிஐக்கும் நடுவில் T வடிவக் குழாய் இணைப்பு ஒன்று போட்டு, திறந்து மூட ஒரு வால்வும் வைத்து, மீட்டர் இறங்கும்வரை சில நிமிஷம் வெளியே விட்டேன். நான்கு வருஷத்தில் செய்த ஒரே உருப்படியான மாற்றம் அதுதான், அதற்குப் பிறகு ரெசின் மூட்டை வாங்குவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது.

எப்போது மாற்றுவது? நான் மீட்டர் 10 காட்டும்வரை விடுவதில்லை, 5 தாண்டினாலே மாற்றிவிடுவேன், ஏனென்றால் ஏற ஆரம்பித்தால் மளமளவென்று ஏறும். ரொம்ப இழுத்தடித்தால் மீன் நாற்றம் வரும், ஒரு தடவை வண்டி முழுக்க அடித்தது. மீட்டர் 000 காட்டியும் பொட்டு விழுந்தால் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்கா என்ற தாதுவைச் சந்தேகப்படுங்கள், அது மீட்டரில் சரியாகத் தெரியாது. தீர்ந்துபோனதும் நிறம் மாறும் ரெசினும் ஒரு மூட்டை வாங்கிப் பார்த்தேன், கையில் மீட்டர் இருப்பவருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம், மிச்ச மூட்டையைக் காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டி வெயில் படாத இடத்தில் வையுங்கள். காய்ந்துபோன ரெசின் தண்ணீர் பட்டதும் உப்பும், அதை சிலிண்டர் முட்ட அடைத்தால் சிலிண்டருக்கே ஆபத்து. என்னிடம் இப்போது பாதி மூட்டை இருக்கிறது, இன்று காலை மீட்டர் 003.