வேலூர் ஜோடிகள் பிரிட்ஜ் போட்டி: ஏல விதிமுறைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

காட்பாடி காந்தி நகரில் உள்ளூர்க் கழகம் ஒன்று அண்மையில் இருவர் இருவராகச் சேர்ந்து ஆடும் ஒரு நாள் ஜோடிகள் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியை நடத்தியது. மண்டபம் காற்றோட்டமாக இருந்தது, மதிய உணவில் குறை இல்லை, மதிப்பெண்களும் தாமதமின்றிச் சுவரில் ஒட்டப்பட்டன. விரிவாகப் பேச வேண்டியது கழகம் அச்சிட்டுக் கொடுத்த ஒரு பக்க ஏல விதிமுறை அறிவிப்பையும், நடுவர் அதை மேசையில் செயல்படுத்திய விதத்தையும் பற்றித்தான். (சீட்டு இறங்கும் முன் ஆட்டக்காரர்கள் முறைவைத்துக் கேட்கும் கேள்விகளே ஏலம்; அவை தம் கையைப் பற்றிக் கூட்டாளிக்குச் சொல்பவை.)

இத்தகைய அறிவிப்பு இங்கே தேவைதான். காட்பாடி சந்திப்பு சென்னை–பெங்களூரு ரயில் தடத்தில் இருப்பதால் இரு நகரங்களிலிருந்தும் ஆட்டக்காரர்கள் காலை வண்டியில் வந்துவிடுகிறார்கள். அவர்களில் சிலர் இணையத்தில் பழகிய புதுப்புது ஏல முறைகளைக் கொண்டு வருகிறார்கள். உள்ளூர் மேசைகளிலோ மருத்துவமனையிலும் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களே மிகுதி. இயல்பான ஏலம், ஸ்டேமன், பிளாக்வுட் என்ற பழகிய ஏல உத்திகள் ஆகியவற்றோடு அவர்களுடைய ஆட்டம் நிறைவடைந்துவிடும். ஒரு சுற்றுக்கு இரண்டே ஆட்டங்கள், கால் மணி நேரம். முன்பின் கேள்விப்படாத ஒரு முறையை எப்படி எதிர்கொள்வது என்று கூட்டாளியோடு பேசி முடிவு செய்ய அங்கே இடமில்லை.

உலக பிரிட்ஜ் கூட்டமைப்பும் இந்த நேரக் கணக்கைப் பொருட்படுத்துகிறது. அது ஏல முறைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று நிறங்களால் பிரித்து, மஞ்சளை மிகவும் வழக்கத்துக்கு மாறான முறைகளுக்கு ஒதுக்கியிருக்கிறது. முதலில் பேசுபவர் வலுவான சீட்டுகளை வைத்துக்கொண்டு பாஸ் (கேள்வி இல்லை) சொல்வதும், அதற்கு ஈடாக வலுவற்ற கைக்கு ஒரு கேள்வி கேட்டே தீர வேண்டியிருப்பதும் இந்த வகையைச் சேர்ந்தவை. போலந்து ஆட்டக்காரர்கள் வளர்த்தெடுத்த ஃபோர்சிங் பாஸ் முறை இதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. பிரவுன் ஸ்டிக்கர் என்பது தனி வகை. இரண்டு கிளப் முதல் மூன்று ஸ்பேட் வரையிலான ஒரு தொடக்கக் கேள்வி, சராசரிக்கும் குறைந்த கையில் கேட்கப்படக் கூடியதாக இருந்து, குறிப்பிட்ட ஓர் இனத்தில் நான்கு சீட்டாவது இருப்பதாக உறுதி தராவிட்டால் அது பிரவுன் ஸ்டிக்கர். நீண்ட ஆட்டத்தொடர்கள் கொண்ட அணிப் போட்டிகளில் எதிரணி முன்கூட்டியே தயாராகலாம் என்பதால் உயர்மட்டத்தில் இவற்றுக்கு இடம் உண்டு. ஜோடிகள் போட்டிகளில் இல்லை. வேலூர்க் கழகமும் இரு வகைகளையும் தடுத்தது முற்றிலும் சரியே.

இடறியது அடுத்த வரியில். செயற்கையான, அதாவது டைமண்ட் இனத்தைக் குறிக்காத, இரண்டு டைமண்ட் தொடக்கங்களில் மல்டி மட்டுமே அனுமதிக்கப்படும் என்று அறிவிப்பு சொன்னது. ஹார்ட், ஸ்பேட் இரண்டில் ஏதோ ஒன்றில் வலுவற்ற ஆறு சீட்டு என்று காட்டும் இந்தக் கேள்வி, எந்த இனம் என்று சொல்லாததால், வரையறைப்படி பிரவுன் ஸ்டிக்கர் ஆகியிருக்க வேண்டும். பரவலாகப் பழகிவிட்டதால் கூட்டமைப்பு இதற்கு வெளிப்படையாக விலக்கு அளித்திருக்கிறது. பிற்பகலில் பெங்களூரு ஜோடி ஒன்று இரண்டு டைமண்ட் கேட்டு, ஹார்ட்டிலும் ஸ்பேடிலும் குறைந்தது நான்கு நான்கு சீட்டுகள், கை வலுவற்றது என்று விளக்கியது. இரு இனங்களும் தெரிந்தவை என்பதால் இது பிரவுன் ஸ்டிக்கர் அல்ல; எதிர்கொள்ள மல்டியைவிட எளிது என்றே சொல்வேன். ஆனாலும் நடுவர் அறிவிப்பின் எழுத்தைப் பின்பற்றி அதைத் தடுத்து, அந்த ஆட்டத்தின் மதிப்பெண்ணையும் திருத்தினார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2017-ஆம் ஆண்டு பிரிட்ஜ் சட்டங்களின் 40-வது விதி ஒழுங்குபடுத்தும் அமைப்புக்குத் தடை செய்யும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது, கழகமும் அதைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் கடினமான முறைக்கு வாசலைத் திறந்துவிட்டு எளிமையான முறையை வெளியே நிறுத்தும் விதி யாரைக் காக்கிறது? பெயர்களைப் பட்டியலிட்டால் இப்படித்தான் ஆகும். அந்தக் கேள்வி எந்த இனத்தில் எத்தனை சீட்டை உறுதி செய்கிறது என்று வரையறுத்திருந்தால் இந்தச் சிக்கலே எழுந்திருக்காது.

பொய்க்கேள்விகள், அதாவது சைக், அறவே கூடாது என்ற வரி இன்னும் மோசம். கூட்டாளிக்கும் தெரியாமல் ஒருவர் தம் கைக்குப் பொருந்தாத கேள்வியைக் கேட்பது, மறைமுகமான உடன்பாடு இல்லாதவரை, சட்டப்படி அவருடைய உரிமை. செயற்கைக் கேள்விகளில் மட்டுமே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது. இயல்பான ஒரு ஸ்பேட் கேள்வியில் ஏமாற்றுவதைத் தடுக்கக் கழகத்துக்கு அதிகாரம் இல்லை. (எங்கள் மேசையில் யாரும் அப்படி ஏமாற்றவில்லை என்பது வேறு விஷயம், அன்றைய ஸ்பேட் கேள்விகள் எல்லாம் அலுப்பூட்டும் அளவுக்கு உண்மையாக இருந்தன.)

பாராட்ட வேண்டியது, தம் ஏல முறையை எதிரணிக்கு வெளிப்படுத்தல் குறித்த ஏற்பாடுகளை. ஒவ்வொரு ஜோடியும் தம் ஏல முறையை ஒரே மாதிரி எழுதி நிரப்பிய இரண்டு அட்டைகளை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டதோடு நிற்காமல், அமர்வு தொடங்கும் முன் நடுவர் மேசை மேசையாகச் சென்று சரிபார்த்தார். அட்டை இல்லாத இரண்டு ஜோடிகள் எளிய இயல்பு முறையில் ஆடுமாறு பணிக்கப்பட்டன. ஒரு ஜோடி முகம் சுளித்தது, நடுவர் அசையவில்லை. மல்டிக்கு எதிராக என்ன கேட்கலாம் என்று எழுதிய ஒரு தாளும் மேசைதோறும் இருந்தது. நினைவுக்குத் துணையாக எதையும் பார்க்கக் கூடாது என்பதே பொது விதி. ஒழுங்குபடுத்தும் அமைப்பு விரும்பினால் தளர்த்தலாம் என்ற இடத்தைக் கழகம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர் ஜோடி ஒன்று அந்தத் தாளைப் பார்த்து டபுள் என்ற கேள்வியைச் சொல்லிச் சென்னை ஜோடியை மூன்று பிடி குறைவாகத் தோற்கடித்ததை நானே பார்த்தேன்.

அறிவிப்பு போட்டி நாள் காலையில்தான் கைக்கு வந்தது. வெளியூர்க்காரர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும்படி, அடுத்த முறை நுழைவுப் படிவத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். சைக் பற்றிய வரியை நீக்க வேண்டும். இரண்டு டைமண்ட் பற்றிய வரியைக் கூட்டமைப்பின் வரையறையை ஒட்டித் திருத்த வேண்டும். திருத்தாவிட்டாலும் இயல்பான முறையில் ஆடுபவர்கள் தயங்காமல் சேரலாம், கட்டணத்துக்கு ஈடான ஆட்டம் கிடைக்கும். சொந்தமாகத் தொடக்கக் கேள்விகளை வடிவமைத்து வைத்திருப்பவர்கள் மட்டும் பயணச்சீட்டு எடுக்கும் முன் கழகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டுப் பெறுவது நல்லது.