ஆவணப் பூட்டு: உரிமையாளருக்கு மட்டுமா, எல்லோருக்குமா?

பலர் சேர்ந்து வேலை செய்யும் மென்பொருளில், பிறர் திருத்த முடியாதபடி ஓர் ஆவணத்தை யார் பூட்டலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். தகராறு வருவதென்னவோ பெரும்பாலும் திறக்கிற இடத்தில்தான். அதை வைத்தே மூன்று ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

எடிட் அனுமதி உள்ள எவரும் பூட்டலாம், எவரும் திறக்கலாம் என்பது முதல் வகை. கூகுள் டிரைவில் ஒரு கோப்பை லாக் செய்தால் திருத்தம், கருத்து, பரிந்துரை எல்லாம் நின்றுவிடும். ஆனால் எடிட் அனுமதி உள்ள இன்னொருவர் நினைத்தால் உடனே திறந்துவிடலாம். கை தவறி எதையாவது அழித்துவிடாமல் இது காக்கும், அவ்வளவுதான். ஒருவரையொருவர் நம்பும் சிறிய குழுவுக்கு இதுவே தாராளம்.

இரண்டாவது, உரிமையாளர் மட்டும். டிரைவின் ஏபிஐயில் (பிற நிரல்கள் டிரைவை இயக்குவதற்கான இடைமுகம்) இதற்கென்றே 'ஓனர் ரெஸ்ட்ரிக்டட்' என்ற அமைப்பு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் உரிமையாளரைத் தவிர மற்றவர்கள் பூட்டை மாற்றவோ எடுக்கவோ முடியாது. கையெழுத்தான ஒப்பந்தம், ஒப்புதல் பெற்ற விதிமுறை போன்றவற்றுக்கு இது பொருத்தம்.

சரி, யார் அந்த உரிமையாளர்? 'எனது டிரைவ்' பகுதியில் பெரும்பாலும் கோப்பை முதலில் உருவாக்கியவர்தான். ஒப்பந்தத்துக்குப் பொறுப்பான அதிகாரியாக இருக்கலாம். பழைய படிவத்தை நகலெடுத்துக் கொடுத்த பயிற்சி ஊழியராகவும் இருக்கலாம். அவர் நீண்ட விடுப்பில் போய்விட்டால் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட வழியில்லை. வேலையை விட்டுவிட்டாலோ, நிறுவனக் கணக்கை நிர்வகிக்கும் அட்மின்தான் கோப்பின் உரிமையை வேறொருவருக்கு மாற்றித்தர வேண்டும். ஒரு குழுவுக்கே பொதுவான 'பகிர்ந்த டிரைவில்' இந்தத் தலைவலி குறைவு. அங்கே கோப்பு எந்தத் தனி நபருக்கும் சொந்தமில்லை. மேலாளர் நிலை அனுமதி உள்ள எவரும் அந்தப் பூட்டை எடுக்கலாம். முக்கியமான ஆவணங்களை அங்கேதான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பூட்டு உள்ளடக்கத்துக்கு மட்டும்தான். எடிட் அனுமதி உள்ளவர் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்தலாம், பகிர்வு அமைப்பை மாற்றலாம். பூட்டு ரொம்பக் கெடுபிடியாக இருந்தால், ஆளாளுக்கு நகலெடுத்து அதில் எழுத ஆரம்பிப்பார்கள். அப்புறம் எது உண்மையான பிரதி என்று தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, பூட்டியவரே திறக்க வேண்டும். அவர் இல்லாதபோது உடைக்க மேலே ஒருவர். மைக்ரோசாஃப்ட்டின் ஆவணப் பகிர்வுத் தளமான ஷேர்பாயிண்ட்டின் செக்-அவுட், அதாவது திருத்துவதற்காகக் கோப்பைத் தன் பெயரில் எடுத்து வைப்பது, இந்த வகை. ஒருவர் எடுத்து வைத்திருக்கும்வரை மற்றவர்கள் கடைசியாக செக்-இன் ஆன (திருப்பி வைக்கப்பட்ட) பதிப்பைத்தான் பார்ப்பார்கள். முழுக் கட்டுப்பாடு உள்ளவர் அந்த செக்-அவுட்டை ரத்து செய்யலாம், ஆனால் அதுவரை செக்-இன் ஆகாத திருத்தங்கள் போய்விடும். அதே நேரத்தில் பலர் சேர்ந்து எழுதுவதும் நின்றுவிடும் என்பது இதன் பெரிய குறை. 2005இல் வந்த சப்வெர்ஷன் 1.2 (கோப்புகளின் பதிப்புகளைப் பராமரிக்கும் மென்பொருள்) இதைக் கொஞ்சம் நாசூக்காகச் செய்தது. யார் பூட்டியது என்பது பதிவாகும். பிறர் அதை வலிந்து உடைக்கலாம், யார் உடைக்கலாம் என்பதைச் சர்வரில் ஒரு ஹூக் ஸ்கிரிப்ட் (அந்தச் செயல் நடக்கும்போது தானாக ஓடும் சிறு நிரல்) எழுதிக் கட்டுப்படுத்தலாம். இரண்டு பேர் திருத்தினால் ஒன்றுசேர்க்க முடியாத படக் கோப்புகளுக்கு இன்றும் இந்த முறைதான் சரி. இணையம் வழியாகக் கோப்புகளைத் திருத்த உதவும் வெப்டாவ் நெறிமுறையில் பூட்டுக்குக் காலக்கெடுவே வைக்கலாம். மறந்து போனவரின் பூட்டு தானாகக் கழன்றுவிடும்.

என்னைக் கேட்டால், வேலை நடக்கும்போது காலக்கெடுவோடு மூன்றாவது வகை. ஆவணம் முடிவானபின் இரண்டாவது, அதுவும் திறக்கும் அதிகாரம் குறைந்தது இரண்டு பேரிடமாவது இருந்தால் மட்டும். பயன்படுத்தும் மென்பொருளில் இப்படிப் பிரிக்க வசதி இல்லையென்றால், பூட்டைத் தேடி அலையாமல் எடிட் அனுமதி பெற்றவர்களைக் கருத்து மட்டும் எழுதுபவர்களாக மாற்றிவிடலாம். எடிட்டர்களாகவே நீடிக்க வேண்டியவர்கள் சிலர் இருந்தால், அவர்கள் அனுமதிகளை மாற்ற முடியாதபடி டிரைவின் பகிர்வு அமைப்பிலேயே ஒரு டிக்கை எடுத்துவிட வழியிருக்கிறது.