சுனாமி எச்சரிக்கைச் சேவை: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

நெடுந்தொலைவில் நிலம் நடுங்கி, அலை வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்றால் இந்தச் சேவையைத் தயங்காமல் நம்பலாம். பக்கத்துக் கடலிலேயே நடுங்கினால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. எரிமலையோ சரிவோ கிளப்பும் சுனாமிக்கு இது பெரும்பாலும் உதவாது. சுனாமி எதனால் பிறக்கிறது என்பதைப் பொறுத்தே இந்தச் சேவையின் தரமும் மாறுகிறது.

1946 ஏப்ரல் 1 அன்று அலாஸ்காவை ஒட்டிய அலூசியன் தீவுகளருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலை, சுமார் ஐந்து மணி நேரம் கழித்து ஹவாயில் 159 பேரைக் கொன்றது. அத்தனை நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. அதன் விளைவாக 1949இல் பசிபிக் எச்சரிக்கை மையம் பிறந்தது. தொடக்கத்தில் அதன் கையில் இருந்தவை நிலநடுக்கமானிகளும் கரையோர அலைமானிகளும்தான். இங்கேதான் சிக்கல். அலையைக் கிளப்புவது நடுக்கம் அல்ல. கடலடி மேலும் கீழுமாக நகர்வதுதான். பூமியின் மேலோடான பெரும் பாறைத் தட்டுகளில் ஒன்றின் அடியில் இன்னொன்று செருகும் இடத்தில், சிக்கிக்கொண்ட விளிம்பு நூற்றாண்டுகளாக வளைந்து, விடுபடும்போது பல மீட்டர் எழும்பி மேலுள்ள தண்ணீர் முழுவதையும் தூக்கிவிடுகிறது. தட்டுகள் பக்கவாட்டில் உரசினால் அந்தத் தூக்கல் இல்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு நடுக்கம் வந்தும் அலை சிறிதாகவே இருந்தது அதனால்தான். நடுக்கத்தை மட்டும் பார்த்து அறிவித்தால் பொய் எச்சரிக்கைகள் பெருகும். மக்கள் காது கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அதைத் தீர்த்தது ஆழ்கடல் அழுத்தமானி. இந்த அமைப்பின் மிகச் சிறந்த பாகம் இதுவே. 6,000 மீட்டர் ஆழத்தில் கிடந்தபடி, மேலே நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மாறினாலும் உணர்ந்துவிடும். 15 நொடிக்கு ஒருமுறை அளந்து, அந்த நேரத்தில் ஓதம் (கடல் மட்டத்தின் வழக்கமான ஏற்ற இறக்கம்) இருக்கவேண்டிய அளவோடு ஒப்பிடும். தொடர்ந்து இருமுறை 3 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் விழித்துக்கொண்டு, ஒலியலை வழியே மேலுள்ள மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோளுக்கும் தகவல் போகும். 2003 நவம்பரில் அலூசியனின் ராட் தீவுகளருகே 7.8 நடுக்கம் வந்தபோது மிதவை காட்டியது சுமார் 2 சென்டிமீட்டர்தான். எச்சரிக்கை திரும்பப் பெறப்பட்டது. மிதவை மூலத்துக்கு மிக அருகில் இருந்தால், நில அதிர்வையே அலையென்று எடுத்துக்கொண்டு அவசரப்படும் குறை உண்டு.

வந்து சேரும் நேரத்தைப் பொறுத்தவரை கணக்கு நம்பகமானது. வேகம் ஆழத்தை மட்டுமே சார்ந்தது: 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், 10 மீட்டரில் வெறும் 36. முன்பகுதி தளர, பின்னால் வரும் நீர் மேலேறி அலை உயர்கிறது. எவ்வளவு உயரும் என்பதுதான் தடுமாற்றம்.

பெருநடுக்கங்களை முதல் நிமிடங்களில் குறைத்து அளந்துவிடுவது இந்தச் சேவையின் பழைய வியாதி. 2004 டிசம்பர் 26 அன்று முதல் கணிப்பு 8.0, உண்மை 9.1. பிளவு 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடியவே பல நிமிடங்கள் ஆயின. அன்று இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பும் இல்லை. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011 மார்ச் 11 அன்று ஜப்பான் மூன்றே நிமிடத்தில் அறிவித்தது. ஆனால் கணித்த அளவு 7.9, உண்மை 9.0, அதாவது ஆற்றலில் சுமார் 45 மடங்கு. முதல் அறிவிப்பில் இவாத்தே மாகாணக் கரைக்குச் சொன்ன அலை உயரம் 3 மீட்டர். பிறகு உயர்த்திய எண், மின்சாரம் போன ஊர்களில் பலருக்குப் போய்ச் சேரவில்லை. 2013 முதல் அங்கே இத்தகைய நடுக்கத்துக்கு முதலில் மீட்டர் கணக்குச் சொல்வதில்லை, 'மிகப் பெரியது' என்றே சொல்கிறார்கள். அண்மைக்காலத் திருத்தங்களில் இதையே முதலிடத்தில் வைப்போம்: தவறான எண்ணைவிட எண்ணில்லாத எச்சரிக்கை உயிர்காக்கும்.

2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவின் அனக் கிரகடோவா எரிமலையின் பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. மணியடிக்கப் பெரிய நடுக்கம் எதுவும் இல்லை, எச்சரிக்கையும் வரவில்லை. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

ஆகவே, கரையோரம் இருப்பவர் நிலம் நீண்ட நேரம் ஆடினாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ கைப்பேசியைப் பார்க்காமல் மேடேற வேண்டும். 1907இல் சுனாமியில் பட்டதை மறக்காமல் 'ஸ்மோங்' என்ற சொல்லாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில், 2004இல் மூலத்துக்கு வெகு அருகில் இருந்தும் இறந்தவர் ஒற்றை இலக்கத்தில்தான். ஆட்டம் மெல்லியதாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்; 1896இல் ஜப்பானின் சான்ரிக்கு கரையில் லேசான ஆட்டத்துக்குப் பின் வந்த அலை சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது.

மேட்டிலிருந்து திரும்பி வரவும் பொறுமை தேவை. அலைகளுக்கிடையே பத்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இடைவெளி இருக்கும். 1960இல் சிலி நடுக்கத்தின் அலை சுமார் 15 மணி நேரம் கழித்து ஹவாயின் ஹிலோ நகரை அடைந்தது. சைரன் பல மணி நேரம் முன்பே ஒலித்தும் அதன் பொருள் பலருக்கு விளங்கவில்லை. முதல் இரண்டு அலைகள் சிறியவை; 61 பேரைக் கொன்றது மூன்றாவது.