நடையா, எடையா? வயதாகும் தசைக்கு எது உதவும்

ஐம்பதைத் தாண்டியதும் எனக்கும் இந்தக் கேள்வி வந்தது: தினமும் வாக்கிங் போனால் போதுமா, எடையும் தூக்க வேண்டுமா? நான் எடைப் பக்கம் போனேன், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, செலவும் இல்லை. அதில் சண்டையே கிடையாது. வலு என்று வந்தால் கதை வேறு.

வயதாகும்போது தசையின் அளவைவிட வலுதான் வேகமாகக் குறைகிறது. ஒரு பெரிய காரணம் நரம்பு. தசையை இயக்கும் நரம்பணுக்கள் அறுபதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போக, அவை இயக்கிவந்த நார்கள், அதாவது தசையின் மெல்லிய இழைகள், அநாதையாகின்றன. பக்கத்து நரம்பு கிளைவிட்டுச் சிலவற்றைத் தத்தெடுக்கும், மிச்சம் சூம்பிப்போகும். அதிகம் அடிவாங்குவது வேகமாகச் சுருங்கும் நார்கள், அதாவது கால் தடுக்கினால் சட்டென்று ஊன்றிக்கொள்ள உதவுபவை.

இந்த நரம்புகளைத் தக்கவைக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களைத் தசையே சுரக்கிறது. அவற்றில், கண்டுபிடித்தவர்களுக்கு 1986-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த என்ஜிஎஃப் (நரம்பு வளர்ச்சிக் காரணி) பெரும்பாலும் உணர்வு நரம்புகளைக் கவனிக்கும் ஆள்; தசையை அசைக்கும் இயக்க நரம்புக்கு வேண்டியவை பிடிஎன்எஃப், ஜிடிஎன்எஃப், என்டி-4 போன்ற வேறு காரணிகள். இதில் என்டி-4, தசை எவ்வளவு வேலை செய்கிறதோ அதற்கேற்பச் சுரப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். நடை எனக்குப் போதாமல் போனது இங்கேதான். உடல் எப்போதும் சின்ன நரம்பணுக்களைத்தான் முதலில் வேலைக்குக் கூப்பிடும், பாரமோ வேகமோ கூடினால்தான் பெரியவற்றின் முறை வரும், அந்தப் பெரியவைதான் வேகமான நார்களை இயக்குபவை. சமதரையில் நிதானமாக நடப்பவருக்கு அவை தேவைப்படுவதே அரிது. படியோ மேடோ ஏறினால் கொஞ்சம் பரவாயில்லை.

எலியில் கண்டதை மனிதருக்கு நீட்டுவது என் ஊகம்தான், சரி. வலு கூடுவது ஊகமில்லை: 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்ணூறை ஒட்டிய வயதினர் எட்டு வாரம் காலுக்கு எடைப் பயிற்சி செய்து சராசரியாக 174% வலு கூடினார்கள். சேர்ந்தது பத்துப் பேர்தான், ஆனாலும் சின்ன விஷயமில்லை. ஆரம்ப வாரங்களில் கூடும் வலுவில் பெரும்பங்கு நரம்பு வழியாகத்தான் வருகிறது.

அந்த வளர்ச்சிக் காரணிகளையே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாமே என்றால், ஏஎல்எஸ் (இயக்க நரம்பணுக்கள் அழியும் நோய்) நோயாளிகளுக்கு பிடிஎன்எஃப் கொடுத்த 1990-களின் பெரிய சோதனை பலன் காட்டவில்லை.

முழங்கால் தேய்ந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், நடையை நான் விட்டுவிடவில்லை, எடை தூக்காத நாட்களில் நடக்கிறேன்.