விண்டோஸ் 98 கணினியும் 56 கே மோடமும்: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பள்ளிப் பருவத்தில் வீட்டில் பயன்படுத்திய விண்டோஸ் 98 கணினியையும் அதனைத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு இணைத்த 56 கே மோடத்தையும் பற்றி இவ்வளவு காலம் கழித்து எழுதும்போது, அவற்றின் வேகக்குறைவைக் காட்டிலும், அவை தம் வேலையை மறைக்காமல் செய்தன என்பதே எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது.

இணைப்புக்கு முன் எழும் கீச்சொலியும் இரைச்சலும், இரு முனைகளிலும் இருந்த மோடங்கள் தொலைபேசிக் கம்பியின் தரத்தைச் சோதித்து, எந்த வேகத்தில் தரவைப் பரிமாறுவது என்று உடன்பாட்டுக்கு வரும் ஓசையாகும். அது வழக்கத்தைவிட நீண்டால் இணைப்பு மந்தமாகத்தான் இருக்கும் என்று வீட்டுப் பிள்ளைகள் காதாலேயே கணித்துவிடுவோம். பெயரில் உள்ள 56, நொடிக்கு 56 கிலோபிட் என்பதைக் குறித்தாலும் அது பதிவிறக்கத்தின் உச்சவரம்பு மட்டுமே. 1998இல் வந்த வி.90 என்ற மோடத் தரத்தில் பதிவேற்றம் நொடிக்கு 33.6 கிலோபிட்டைத் தாண்டாது. நடைமுறையில் நொடிக்கு 5 கிலோபைட் (ஒரு பைட் என்பது 8 பிட்) கிடைத்தாலே நிறைவு. அந்தக் கணக்கில் 4 மெகாபைட் அளவுள்ள ஒரு பாடல் இறங்கப் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகும், அதற்குள் யாரேனும் அடுத்த அறையில் தொலைபேசியை எடுத்துவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். மோடத்தின் ஒலிபெருக்கியை அமைப்புகளில் சென்று அணைக்கலாம் என்பதைப் பெரியவர்களுக்கு முன்பே நாங்கள் அறிந்திருந்தோம். எதற்காக என்று விளக்கத் தேவையில்லை.

இணையத்தில் இருக்கும்வரை தொலைபேசியை வேறெவரும் பயன்படுத்த முடியாது என்பதால், வேண்டிய பக்கங்களைத் தனித்தனிச் சாளரங்களில் திறந்துவைத்து, எல்லாம் வந்துசேர்ந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு நிதானமாகப் படிப்பதே எங்கள் முறை. படங்கள் தோன்றாதபடி உலாவியில் அமைத்துக்கொண்டால் பக்கங்கள் விரைந்து வரும். இருந்தும் அதை நாங்கள் அதிகம் செய்யவில்லை, ஏனெனில் முதலில் மங்கலாகத் தோன்றிப் படிப்படியாகத் தெளிவுபெறும் படத்தைப் பார்த்திருப்பதே ஒரு பொழுதுபோக்காக இருந்தது.

உண்மையில் அறிவுத்தேடலுக்கு இணையத்தைவிடக் குறுவட்டுக் கலைக்களஞ்சியமே அதிகம் கைகொடுத்தது. 650 மெகாபைட் கொள்ளும் ஒரு வட்டின் உள்ளடக்கத்தை அந்த மோடத்தின் வழியே இறக்க ஒன்றரை நாள் ஆகியிருக்கும் என்பதை எண்ணினால், மைக்ரோசாஃப்ட் எங்கார்ட்டா போன்றவற்றின் மதிப்பு புரியும்.

வட்டுச் சிதறல்நீக்கி எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். கோப்புகள் வன்தட்டில் துண்டு துண்டாகக் கிடப்பதையும், அவை ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறி வரிசைப்படுவதையும் அது வண்ணக் கட்டங்களாகக் காட்டியது. வேறொரு நிரல் இடையில் எதையாவது வட்டில் எழுதினால் முதலிலிருந்து தொடங்கும் அதன் பிடிவாதம்தான், பின்னணியிலும் நிரல்கள் ஓயாமல் இயங்குகின்றன என்பதைச் சிறுவயதிலேயே எனக்கு உணர்த்தியது.

நெகிழ்வட்டைப் பற்றி மட்டும் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. 1.44 மெகாபைட் கொள்ளளவுக்குள் அடங்காத கோப்பைப் பல வட்டுகளில் பிரித்துப் பதிய வேண்டும், அவற்றுள் ஒன்று படிக்க முடியாமல் போனாலும் முழுக்கோப்பும் வீண். யுஎஸ்பி விரலி வந்ததும் அவற்றை மறுயோசனையின்றி ஒதுக்கிவிட்டோம். பிறகு வந்த ஏடிஎஸ்எல் அகலப்பட்டை, அதே செப்புக் கம்பியில் பேச்சொலிக்கு மேற்பட்ட அதிர்வெண்களைப் பயன்படுத்தியதால், தொலைபேசிக்காக இணைப்பைத் துண்டிக்கும் வழக்கமும் நின்றுபோனது.